பணி முடிந்த நாய்க்கு ஒரு வாசல்

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்தமையால், மறுநாள் காலையில்தான் வெளியுலகம் செய்தியை அறிந்தது. இவ்விபத்தில் 70 பேர் மறைந்தனர். அவர்களுள் 66 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. நால்வருடையவை கிடைக்கவே இல்லை. மறைந்தவர்களுள் பெரும்பாலோர், தலைமுறை தலைமுறையாக அம்மலைகளில் கொழுந்து பறித்து வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தினர் ஆவர்.

பல நாட்கள் நீடித்த தேடுதல் பணியில் மனிதரும் இயந்திரங்களும் மட்டுமின்றி நாய்களும் ஈடுபட்டன. கேரளப் போலீசின் நாய்ப்படையைச் சேர்ந்த மோப்ப நாய்கள், சேற்றுக்கும் பாறைக்கும் அடியில் உடல்கள் கிடந்த இடங்களைக் காட்டின. ஆயினும் மக்கள் மனத்தில் அழியாது நின்றது, எந்தப் படையிலும் சேராத ஒரு நாட்டு நாயின் செயலே. குவி என்பது அதன் பெயர். மண்ணில் புதைந்த வீடுகளுள் ஒன்றில் அது வளர்ந்தது. அவ்வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை அதற்கு விளையாட்டுத் துணை. நிலச்சரிவுக்குப் பின் எட்டாம் நாள், விபத்து நேர்ந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஆற்றின் ஓரிடத்தை நோக்கியவாறே அந்நாய் நின்றுகொண்டிருந்தது. அதைக் கவனித்த மீட்புப் பணியாளர் அங்கே தேடியபோது, மரக்கிளையில் சிக்கியிருந்த அக்குழந்தையின் உடல் கிடைத்தது.

அதன் பிறகு நிகழ்ந்ததும் கருத்தக்கது. குவி உணவை மறுத்து அவ்விடத்திலேயே சுற்றித் திரிந்தது. இடுக்கி மாவட்டப் போலீஸ் நாய்ப்படையின் பயிற்சியாளர் ஒருவர் அதனைத் தம் பொறுப்பில் வளர்க்க விரும்பி அனுமதி கோரினார், அதிகாரிகளும் இசைந்தனர். சில மாதங்கள் கழித்து, 2021-ஆம் ஆண்டில், அக்குடும்பத்தில் எஞ்சியிருந்த மூதாட்டி ஒருவர் நாயைத் தம்மிடம் தருமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளும் ஏற்கப்பட்டது. வீடும் உற்றாரும் இழந்த மூதாட்டிக்கு, அவ்வீட்டின் நினைவாக உயிருடன் மிஞ்சியது அந்த நாய்தான் என்பதை அதிகாரிகள் உணர்ந்தனர் போலும்.

ஒரு நாள்கூடச் சம்பளப் பட்டியலில் இடம்பெறாத ஒரு நாட்டு நாய்க்கு இத்தனை பரிவு கிடைத்தது பாராட்டுதற்குரியது. அவ்வாறாயின், எட்டு ஆண்டுகளோ பத்து ஆண்டுகளோ அரசாங்கப் பணியில் உழைத்து, கண்ணிவெடியை முகர்ந்தும் எல்லையைக் காத்தும் இடிபாடுகளில் உயிர்களைத் தேடியும் முதுமையடைந்த நாய்க்கு உரியது என்ன? அக்கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பை, அந்த நாயைக் கடைசியாகச் சந்திக்கும் அன்பர் ஒருவரின் இரக்கத்துக்கே விட்டுவிடுதல் தகுமா? தகாது. பணிநாயின் ஓய்வுக்காலம், அது பணியில் சேரும் நாளிலேயே கணக்கில் எழுதப்படவேண்டிய ஒரு கடன் ஆகும்.

பணிநாயின் உழைப்பு

இந்திய இராணுவத்தில் நாய்களைப் பயிற்றும் பள்ளி 1960-ஆம் ஆண்டில் மீரட்டில் நிறுவப்பட்டது. இராணுவத்தின் குதிரைகள், கோவேறு கழுதைகள் ஆகியவற்றைப் பேணும் ரிமௌண்ட் மற்றும் கால்நடைப் பிரிவே இந்நாய்களையும் வளர்த்துப் பயிற்றுகிறது. லாப்ரடார், அல்சேஷன், பெல்ஜியன் மலினாய் முதலிய இனங்கள் இப்பணிக்குப் பெரிதும் பயன்படுகின்றன. தடம் பற்றிச் செல்லுதல், காவல், வெடிமருந்தும் கண்ணிவெடியும் கண்டறிதல், பனிச்சரிவில் புதைந்தோரைத் தேடுதல், பதுங்கியிருக்கும் எதிரியைத் தாக்குதல் எனப் பணிகள் பலவகைப்படும். கேரளப் போலீசின் நாய்ப்படை அதற்கு ஓராண்டு முன்னதாக, 1959-இல் தொடங்கப்பட்டது.

இப்பணிகளுக்கு அடிப்படை நாயின் மோப்ப ஆற்றலாகும். மனிதனின் மூக்கில் வாசனையை உணரும் உயிரணுக்கள் ஏறக்குறைய 50 அல்லது 60 இலட்சம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. நாயின் மூக்கிலோ, இனத்துக்கு ஏற்ப, அவை 20 கோடிக்கும் மேற்பட்டவை. மேலும், நாய் வாசனைகளின் கலவையை ஒன்றாக முகர்வதோடு நில்லாமல், அதிலுள்ள கூறுகளைப் பிரித்தறியவும் வல்லது. ஒரு மனிதரின் வாசனையை மற்றொருவரின் வாசனையினின்றும் வேறுபடுத்தி அறிகிறது. ஆயினும் இயற்கை அளித்த இவ்வாற்றல் தானாகவே பணிக்கு உதவிவிடாது. பல மாதப் பயிற்சியும், நாயை நடத்தும் வீரருக்கும் நாய்க்கும் இடையே வளரும் பிணைப்புமே அதனைப் பயன்படச் செய்கின்றன. நாய் கண்டறிந்ததைத் தெரிவிக்கும் குறிப்பு, சில வேளைகளில் வாலின் அசைவிலோ நடையின் மாற்றத்திலோ மட்டுமே புலப்படும். அதனைப் படித்தறிய அந்த வீரர் ஒருவராலேயே இயலும்.

இவ்வுழைப்பு ஆபத்தற்றதன்று. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காஷ்மீரின் குப்வாரா மாவட்டத்தில், மான்சி என்ற லாப்ரடார் நாயும் அதனை நடத்திய வீரரும் எல்லை தாண்டி வந்தோரை எதிர்கொண்டு ஒருங்கே உயிர் துறந்தனர். மறைவுக்குப் பின், இராணுவ அறிக்கையில் பெயர் குறிக்கப்படும் சிறப்பு மான்சிக்கு அளிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், சூம் என்ற தாக்குதல் நாய் அனந்தநாக் மாவட்டத்தில் குண்டுக் காயமுற்று, சிகிச்சை பயனின்றி இறந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்தபோது, இராணுவ நாய்களும் போலீஸ் நாய்களும் சேற்றில் இறங்கித் தேடின. அவற்றுள் மாயா என்ற பெல்ஜியன் மலினாய், நான்கு ஆண்டுகளுக்கு முன் பெட்டிமுடியிலும் தேடிய நாயே ஆகும்.

உயிர் துறந்த நாய்க்கு மலர் வளையம் வைக்கப்படுகிறது. உயிரோடு மூப்படைந்த நாயின் நிலையைப் பற்றியே சிந்தனை குறைவு.

பழைய வழக்கமும் அதன் மாற்றமும்

நெடுங்காலம் இராணுவத்தில் நிலவிய வழக்கம் கடுமையானது. பணிக்குத் தகுதியற்றதாகிவிட்ட நாய், வலியின்றி உயிர் நீக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுப்பப்பட்ட கேள்விக்கு அளிக்கப்பட்ட விடை வாயிலாக இச்செய்தி பொதுமக்களுக்குத் தெரியவந்தது. மான்சி உயிர் துறந்ததும் அதே ஆண்டுதான். நாடெங்கும் வருத்தமும் எதிர்ப்பும் எழுந்தன. தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வழக்கும் வந்தது. அதன் விளைவாக இவ்வழக்கத்துக்கு மாற்றுவழி காணப்பட்டது. தீராத நோயாலோ தாங்கொணா வலியாலோ துன்புறும் நாய்களைத் தவிர, மற்றவற்றைக் கொல்லலாகாது என்ற கொள்கை ஏற்பட்டது. ஓய்வு பெற்ற நாய்களுக்கு மீரட்டில் காப்பகம் உண்டு. தகுதியுடைய பொதுமக்கள் அங்குள்ள நிலையத்துக்கு விண்ணப்பித்து நாயைத் தத்தெடுக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. கேரளத்தில், திருச்சூரை அடுத்த இராமவர்மபுரத்துப் போலீஸ் பயிற்சிக் கழகத்தில், ஓய்வு பெற்ற போலீஸ் நாய்களுக்கென 2019-ஆம் ஆண்டில் விஸ்ராந்தி என்ற இல்லம் திறக்கப்பட்டது.

இவ்விஷயத்தில் பிற நாடுகளும் தவறு செய்தே திருந்தியுள்ளன. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைக்கு உழைத்த நாய்கள் ஏறக்குறைய 4,000. அவற்றுள் தாயகம் திரும்பியவை 200 அளவே. படைக் கணக்கில் நாய் ஒரு தளவாடமாக எழுதப்பட்டிருந்ததால், போர் முடிந்தபோது எஞ்சிய தளவாடங்களோடு அவையும் விடப்பட்டன. அவற்றை நடத்திய வீரர் பலர், திரும்பிய பின்னும் அத்துயரை மறந்திலர். 2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஓய்வு பெற்ற இராணுவ நாய்களைத் தத்தெடுக்க இடமளிக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறிற்று. ராபி என்ற நாயின் பெயராலேயே அச்சட்டம் வழங்கலாயிற்று. ராபியை வளர்த்துக்கொள்ள அதனை நடத்திய வீரர் பெரிதும் முயன்றார். எனினும் மூப்பும் நோயும் முற்றியிருந்தமையால், அவர் வீடு சேராமலேயே 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் ராபியின் வாழ்வு முடிக்கப்பட்டது. தன் பெயரால் எழுந்த சட்டம் தனக்கே பயன்படவில்லை. காலம் தாழ்ந்த நன்றிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்று தடைகள்

தத்தெடுப்புக்கு எதிராக வழக்கமாகக் கூறப்படும் தடைகள் மூன்று. அவற்றை ஒதுக்கிவிடாமல் ஆராய்வது நலம்.

முதலாவது, இந்நாய்கள் ஆபத்தானவை என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எல்லாப் பணிநாய்களும் ஒரே தன்மையன அல்ல. வெடிமருந்தை முகரும் லாப்ரடார் நாய்க்குக் கடிக்கும் பயிற்சி அளிக்கப்படுவதே இல்லை. சந்தையிலும் ரயில் நிலையத்திலும் மக்கள் கூட்டத்தினிடையே அமைதியாக நடந்து பழகிய நாய் அது. தாக்குதலுக்கும் காவலுக்கும் பயின்ற நாயின் நிலை வேறு. அதனைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அனுப்புதல் அறிவுடைமையன்று. எனவே வேண்டப்படுவது தடை அன்று, சோதனை. ஓய்வு பெறும் ஒவ்வொரு நாயின் இயல்பையும் தனித்தனியே ஆராய்ந்து, எத்தகைய வீட்டுக்கு அது ஏற்றது என்பதை எழுத்தில் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது, இராணுவ இடங்களை அறிந்த நாய் பிறர் கையில் சிக்கலாம் என்பது. நாய் பேசாது. அது அறிந்த பாதைகள் அதன் மூக்கோடு முடிந்துவிடுவன. இரகசியங்களை நன்கறிந்த படைவீரரையே ஓய்வுக்குப் பின் ஊருக்கு அனுப்பும் அரசாங்கம், நாயைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது, செலவு. இதுவே உண்மையான தடை. பெரிய இன நாய்கள் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. எட்டாம் அல்லது பத்தாம் வயதில் ஓய்வு பெறும் நாய்க்கு எஞ்சும் ஆண்டுகள் சிலவே. அச்சில ஆண்டுகளில்தான் இடுப்பு மூட்டு வலி, கண்புரை, பல் தேய்வு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை வருகின்றன. உணவுச் செலவைவிட மருத்துவச் செலவே மிகும். சம்பளம் குறைந்த ஒருவர், அன்பு மிகுதியால் நாயை அழைத்துச் சென்று, ஓராண்டில் கடன்பட்டுக் கலங்குவது நன்றன்று. ஆகையால் அச்செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்பது தருமம் அன்று, கணக்குத் தீர்த்தல் ஆகும். நாயின் உழைப்பை அனுபவித்தது எவரோ, அதன் முதுமைச் செலவும் அவரையே சாரும்.

பிணைப்பே முதல் தகுதி

தத்தெடுக்க முன்வருவோர் பலர் இருப்பின், யாருக்கு முதலிடம்? இவ்விடத்தில் விஞ்ஞானமும் குவியின் வரலாறும் ஒரே விடை தருகின்றன. 2015-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவுகளின்படி, நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடிது நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு மிகுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்ப்பதும் இச்சுரப்பே. நாயின் பற்று வெறும் சோற்றுப் பற்று அன்று என்பதற்கு இது ஒரு சான்று. நாலடியார் நட்பைப் பேசுமிடத்து, யானையை விலக்கி நாயை உவமையாகக் கொண்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆகவே முதல் உரிமை, நாயை நடத்திய வீரருக்கே உரியது. அவர் எல்லைப்புறத்தில் பணியிலிருப்பதாலோ வீட்டு வசதியின்மையாலோ இயலாதபோது, அவர் பரிந்துரைக்கும் குடும்பத்தைக் கருதலாம். அதன் பின்னரே பிற விண்ணப்பதாரர் வரவேண்டும். எவரும் கிடைக்காத நாய்க்குக் காப்பகம் இருத்தல் வேண்டும். பிணைப்பை முதலில் நோக்கி, வசதியை அடுத்து நோக்கும் இவ்வரிசை தலைகீழாகுமாயின், பெயர் பெற்ற நாய்கள் செல்வர் வீட்டு அணிகலன்களாகும். மற்றவை கூண்டிலேயே கிடக்கும்.

பணிநாய்க்கு வீடு என்பது புதிய உலகம் என்பதையும் மறத்தலாகாது. அதன் வாழ்நாள் முழுவதும் கொட்டடியிலும் பணியிடத்திலும் கழிந்தது. மாடிப்படி, கண்ணாடிக் கதவு, குக்கரின் சீழ்க்கை ஒலி, ஓடி விளையாடும் குழந்தைகள் ஆகிய யாவும் அதற்குப் புதியன. போர்முனையில் பணியாற்றிய நாய்களுள் சில, போருக்குப் பிந்திய மன அதிர்ச்சிக்கு ஒப்பான குறிகளைக் காட்டுவதை அமெரிக்கப் படையின் கால்நடை மருத்துவர் கண்டறிந்துள்ளனர். அத்தகைய நாய்க்குத் தீபாவளி வெடியோசை பெருந்துன்பமாகும். அந்நாளில் அதனை உள்ளறையில், பழகியவர் அருகில் வைத்திருப்பது நல்லது. மேலும், வேலை செய்து பழகிய நாய்க்குச் சும்மா கிடத்தல் ஓய்வு ஆகாது. பந்தையோ துணியையோ ஒளித்து வைத்துத் தேடச் செய்யும் சிறு விளையாட்டு, நாள்தோறும் கால் மணி நேரம் நடந்தால் போதும். அதன் உள்ளமும் உடலும் தெளிவாக இருக்கும்.

மலைநாட்டில் கவனிக்கவேண்டியவை

மூணாறு போன்ற மலைப்பகுதியில் தத்தெடுக்க விரும்புவோர், அவ்விடத்துக்கே உரிய சில உண்மைகளை முன்னரே எண்ணிப் பார்க்கவேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூரின் குளிர்ச்சி, அடர்ந்த மயிருடைய அல்சேஷனுக்கும் லாப்ரடாருக்கும் சமவெளியின் வெயிலைவிட உகந்ததே. ஆனால் மூட்டுவலி கொண்ட முதிய நாய்க்கு ஈரமும் பனியும் பகை. தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகைப் படுக்கையும் உலர்ந்த சாக்கும் இன்றியமையாதன. மழைக்காலத்தில் அட்டையும் உண்ணியும் மிகுதி. உண்ணியால் பரவும் காய்ச்சல் நாயின் இரத்தத்தைக் கெடுத்து உயிருக்கே ஊறு செய்யும். எனவே நாள்தோறும் காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரா நோய் நாயையும் மனிதரையும் ஒருங்கே தாக்கவல்லது. இதற்குத் தடுப்பூசி உண்டு.

இடவசதியும் ஒரு கேள்வி. லயங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது சிறு இடமே. முப்பது கிலோ எடையுள்ள நாயை அங்கே வளர்ப்பது நாய்க்கும் துன்பம், அண்டை வீட்டாருக்கும் துன்பம். அதைவிடப் பெரிய கேள்வி காட்டு விலங்குகளைப் பற்றியது. தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை உலவுவதும், இரவில் வெளியே விடப்பட்ட நாயைக் கவர்ந்து செல்வதும் உண்டு. ஆகவே இரவில் நாயை வெளியே கட்டுதல் கூடாது.

நாயால் காட்டுக்கு வரும் தீங்கும் அதே அளவு கருதத்தக்கது. வரையாடுகளின் உறைவிடமாகிய இரவிகுளம் தேசியப் பூங்கா தோட்டங்களை ஒட்டியே உள்ளது. அங்கே செந்நாய்களும் வாழ்கின்றன. வளர்ப்பு நாயின் டிஸ்டெம்பர் எனும் நச்சுயிரி நோய் காட்டு விலங்குகளிடையே புகுந்தால் விளைவு கொடிது. 1994-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் பகுதியில் ஏறக்குறைய 1,000 சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றிலொரு பங்கு, இந்நோயால் அழிந்தன. 2018-ஆம் ஆண்டில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோது, இந்நச்சுயிரி அவற்றுள் காணப்பட்டது. ஆகவே டிஸ்டெம்பர், வெறிநோய் ஆகியவற்றுக்கு உரிய தடுப்பூசி போடாத நாயைக் காட்டோரத்தில் வளர்ப்பது, அன்பின் பெயரால் செய்யப்படும் தீங்காகும். நடைக்கு அழைத்துச் செல்கையில் வார் இன்றியமையாதது. பூங்கா எல்லைக்குள் நாய் நுழைதல் அறவே கூடாது.

இவ்வளவையும் கேட்ட பின், தத்தெடுக்கும் எண்ணத்தைக் கைவிடுவோர் சிலர் இருப்பர். அதில் தவறில்லை. இயலாது என்று முன்னரே கூறுதல், அழைத்து வந்து பின் கைவிடுவதினும் நூறு மடங்கு மேலானது. இரு முறை வீடிழந்த முதிய நாய், மூன்றாம் முறை எவரையும் எளிதில் நம்பாது.

களப்பணியாளரும் ஆசிரியரும்

இவ்விஷயத்தில் களப்பணியாளர் ஆற்றக்கூடிய பணி பெரிது. கால்நடைத் துறையினர், தத்தெடுக்க விண்ணப்பித்தவர் வீட்டை நேரில் கண்டு, வேலி, படுக்கை, நீர், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றைக் குறித்து உண்மையான அறிக்கை தரலாம். தத்தெடுத்த பின் ஆண்டுக்கு இருமுறையேனும் சென்று பார்த்து, நாயின் எடை, பற்கள், நடை ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். வனத்துறையினரும் தோட்ட அலுவலரும் தடுப்பூசி முகாம்களுக்குத் துணை செய்யலாம். அம்முகாமில் படைநாயோடு லயத்து நாட்டு நாய்க்கும் ஊசி போடப்படவேண்டும். நோய்க்கு இனவேறுபாடு தெரியாது.

ஆசிரியர்களுக்கு மற்றொரு வாய்ப்பு உண்டு. நாயைக் கல்லால் அடிக்கும் சிறுவனும், முன்பின் அறியாத நாயைக் கட்டித் தழுவும் சிறுவனும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது. ஓடினால் நாய் துரத்தும், அசையாது நின்றால் பெரும்பாலும் விலகும். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். இவை பாடநூலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வகுப்பில் கூறப்படவேண்டியவை. ஓய்வு பெற்ற பணிநாய் ஊரில் இருப்பின், அதனை வளர்ப்பவர் துணையோடு பள்ளிக்கு வரவழைத்து, மோப்ப ஆற்றலை நேரில் காட்டலாம். ஒளித்து வைத்த கைக்குட்டையை நாய் கண்டெடுக்கும் காட்சி, கரும்பலகையில் எழுதும் பல பாடங்களைவிட நெடுநாள் நினைவில் நிற்கும்.

எழுத்தில் வேண்டும் நன்றி

விலங்குகளுக்கு இரங்கும் சட்டத்தை இந்நாட்டில் தோற்றுவித்ததில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. 1953-ஆம் ஆண்டில் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொணர்ந்த மசோதாவே, 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அச்சட்டத்தின்படி 1962-இல் அமைக்கப்பட்ட விலங்கு நல வாரியம், அவர் தலைமையில் சென்னையிலேயே பணி தொடங்கிற்று. உயிர்களிடத்துப் பரிவு காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக 1976-ஆம் ஆண்டில் அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. குடிமகனுக்குக் கடமையாக விதிக்கப்பட்டதை அரசாங்கத் துறைகள் தம்மளவில் முன்னின்று நிறைவேற்றுவதே முறை.

அதற்கு வேண்டுவன அரியவை அல்ல. இராணுவம், போலீஸ், துணைப்படைகள் ஆகியவற்றில் சேரும் ஒவ்வொரு நாய்க்கும், சேரும் நாளிலேயே ஓர் ஓய்வுப் பதிவேடு திறக்கப்படவேண்டும். அதன் உடல்நிலை, பயிற்சியின் வகை, இயல்பு, நடத்திய வீரர் பெயர் ஆகியவை ஆண்டுதோறும் அதில் ஏறவேண்டும். ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே தத்தெடுப்போரைத் தேடத் தொடங்கவேண்டும். ஒரு மாதம் பழகிப் பார்க்க இருதரப்புக்கும் இடமளிக்கவேண்டும். தத்தெடுத்தவர் எந்த மாநிலத்தில் இருப்பினும், அரசாங்கக் கால்நடை மருத்துவமனையில் அந்நாய்க்கு இலவச சிகிச்சை கிடைக்கச் செய்யும் ஓர் அட்டையும் வழங்கப்படவேண்டும். நாயை வாங்கவும் பயிற்றவும் ஆகும் செலவை நோக்க, இது சிறு தொகையே ஆகும்.

பெட்டிமுடி மூதாட்டியிடம் குவியை ஒப்படைத்தபோது, அதற்கென விதி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நல்ல உள்ளம் படைத்த சிலர் இருந்தனர். அதனால் நல்லது நடந்தது. நல்ல உள்ளங்கள் இல்லாத இடத்திலும் நல்லதே நடக்கவேண்டும் என்பதற்காகத்தான் விதிகள் எழுதப்படுகின்றன. அடுத்த மலைச்சரிவில், முகம் அறியாத யாரோ ஒருவருடைய குழந்தையைத் தேடி ஒரு நாய் சேற்றில் இறங்கும். அது கரையேறி, மூப்படைந்து, கால் தளரும் நாளில் திறந்திருக்க வேண்டிய வாசல் எது என்பதை இன்றே எழுதி வைத்தல் கடமையாகும்.